உள்ளே ஒன்று, கணக்கில் இரண்டு!

ராக்கெட் கிளம்பும் நாளில் சூளூர்பேட்டைக்கு வேறு முகம் வந்துவிடும். சென்னையிலிருந்து வரும் புறநகர் ரயில் இங்கே மொத்தமாகக் காலியாகும். ஸ்டேஷன் வாசலில் தெலுங்கும் தமிழும் கலந்து ஆட்டோ பேரம் நடக்கும். பழவேற்காடு ஏரியை ஊடறுத்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலையில் வேன்கள் வரிசை கட்டும். இஸ்ரோவின் பார்வையாளர் மாடத்துக்கு ஆன்லைனில் அனுமதி வாங்கியவர்கள் அடையாள அட்டையோடு முன்னே போவார்கள். பதிவுப் பக்கம் திறந்ததும் முட்டி மோதி, இடம் கிடைக்காமல் போனவர்களுக்கு மொட்டை மாடியும் ஏரிக்கரையும் இருக்கவே இருக்கின்றன.

2024 டிசம்பர் 30. இரவு 9:58க்குக் கிளம்ப வேண்டிய பிஎஸ்எல்வி சி-60, விண்வெளியில் இன்னொரு செயற்கைக்கோள் பக்கத்தில் வரக்கூடும் என்பதால் இரண்டு நிமிடம் தாமதித்து, 10 மணிக்கு எழும்பியது. ஸ்பேடெக்ஸ் இணைப்புச் சோதனைக்கான இரண்டு செயற்கைக்கோள்களை இறக்கிவிட்ட பிறகும் அதன் நான்காம் கட்டம் வீணாகவில்லை. ‘போயம்-4’ என்ற பெயரில் சுற்றுப்பாதையிலேயே ஒரு சோதனைக் கூடமாக வேலை செய்தது. நான்கே நாளில் அங்கே காராமணி முளைவிட்டதைப் பத்திரிகைகள் கொண்டாடின. அதே மேடையில் இன்னொரு சோதனையும் சத்தமில்லாமல் நடந்தது. மேடையை நிர்வகித்த கம்ப்யூட்டருக்குள் ‘விக்ரம் 3201’ இருந்தது. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சண்டிகர் செமிகண்டக்டர் லேபரட்டரியும் சேர்ந்து உருவாக்கிய 32 பிட் புராசஸர் அது.

ஆக, ஒரே ராக்கெட் நாளில் இரண்டு வகைக் கம்ப்யூட்டர்கள். கூட்டத்துக்குச் சீட்டு வழங்கும் வகை ஒன்று. வானத்தில் பறக்கும் வகை இன்னொன்று. முதல் வகையான சர்வர்களில், இன்டெல் அல்லது ஏஎம்டி புராசஸர் இருந்தால், பெரும்பாலும் ஒரு கோர் (புராசஸருக்குள் கணக்குப் போடும் அலகு) தன்னை இரண்டாகக் காட்டிக்கொள்ளும். பறக்கும் வகைக்கு அந்த வித்தையே ஆகாது.

இன்டெல் இதற்கு வைத்த பெயர் ஹைப்பர்த்ரெடிங். ஏஎம்டியும் ஐபிஎம்மும் எஸ்எம்டி என்கின்றன. வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனாலும் கிளவுட் வாடகை, சாஃப்ட்வேர் லைசென்ஸ், பாதுகாப்பு, தட்கல் நேரத்து நெரிசல் என்று எங்கே கைவைத்தாலும் இந்த ‘இரண்டு’ வந்து நிற்கிறது.

சும்மா கிடக்கும் நேரம்

புராசஸர் வேகமானது, நினைவகம் மெதுவானது. எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. 3 கிகாஹெர்ட்ஸ் புராசஸருக்கு ஒரு நொடியில் 300 கோடித் துடிப்பு. கேட்ட தகவல் பக்கத்திலுள்ள கேஷ் நினைவகத்தில் இருந்தால் நாலைந்து துடிப்பில் கிடைத்துவிடும். இல்லாமல் முதன்மை நினைவகம் வரை போக வேண்டியிருந்தால் ஏறக்குறைய 100 நானோ நொடி ஆகும். அதாவது 300 துடிப்பு. அதுவரை அத்தனை விலை கொடுத்து வாங்கிய கோர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

ஸ்டேஷன் பக்கத்து டிபன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாஸ்டர், ஒரே தோசைக்கல், ஆர்டரை வரிசை மாறாமல் சொல்லும் ஒரே சப்ளையர். முதல் ஆர்டருக்கான மசால் உள்ளேயிருந்து வரும்வரை மாஸ்டர் சும்மா நிற்பார். இன்னொரு சப்ளையரும் ஆர்டர் சொன்னால், மசாலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவருடைய சாதா தோசையை ஊற்றிவிடலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு மாஸ்டர் இருப்பதுபோலத் தெரியும். கல் என்னவோ ஒன்றுதான்.

புராசஸருக்குள் ‘சப்ளையரின் சீட்டு’ என்பது ரெஜிஸ்டர்களும், நிரல் எந்த இடத்தில் நிற்கிறது என்ற குறிப்பும். ஹைப்பர்த்ரெடிங்கில் இவை மட்டும் இரண்டு தொகுதியாக இருக்கும். கூட்டுவது, பெருக்குவது, நினைவகத்திலிருந்து எடுப்பது போன்ற வேலைகளைச் செய்யும் உறுப்புகளும் கேஷும் இரண்டு த்ரெட்டுக்கும், அதாவது ஓடும் இரண்டு நிரல் வரிசைக்கும், பொது. ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் மட்டும் ‘இங்கே இரண்டு புராசஸர் இருக்கின்றன’ என்று சில்லு சொல்லிவிடும். அதுவும் நம்பி இரண்டு பேருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்கும்.

செலவு குறைவு, வரவு அதிகம் என்பதுதான் இதன் கவர்ச்சி. முதல் ஸியான் சர்வர் சில்லுகளில் இதைப் புகுத்தியபோது சில்லின் பரப்பு 5 சதவீதத்துக்கும் குறைவாகவே கூடியது என்று 2002இல் இன்டெல் பொறியாளர்கள் எழுதினார்கள். டேட்டாபேஸ் பரிவர்த்தனையில் 21 சதவீதமும், வெப் சர்வர் வேலையில் 16 முதல் 28 சதவீதமும் கூடுதல் பலன் கிடைத்ததாக அவர்கள் கணக்குக் காட்டினார்கள். இடத்துக்குக் கொடுத்த விலையைப் பார்த்தால் கொள்ளை லாபம்தான்.

ஆனால் அது 21 சதவீதம். 100 சதவீதம் இல்லை. திரையில் தெரியும் எண்ணிக்கையோ அப்படியே இரட்டிப்பாகிறது. இந்த இடைவெளியில்தான் மற்ற எல்லா வம்பும்.

----------
பெட்டிச் செய்தி: வந்த வழி

1995: அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டீன் டல்சன், சூசன் எகர்ஸ், ஹென்றி லெவி மூவரும் இந்த உத்தியை விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

2001: ஒரு கோரை நான்காகக் காட்டவிருந்த ‘ஆல்ஃபா’ சில்லு பாதியிலேயே கைவிடப்பட்டது.

2002: தொடக்கத்தில் ஸியான் சர்வர் சில்லுகளிலும், நவம்பரில் 3.06 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4இலும் ஹைப்பர்த்ரெடிங் வந்தது.

2005: சன் நிறுவனத்தின் ‘நயாகரா’ வெளிவந்தது. 8 கோர், ஒவ்வொன்றிலும் 4 த்ரெட், ஆக 32. அதை விளக்கிய கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவர் பெயர் கதிர்காமர் ஐங்கரன்.

2017: ஏஎம்டி தன் ‘ஸென்’ சில்லுகளில் இந்த உத்தியைக் கொண்டுவந்தது.
----------

‘பாதி காலி’ என்ற மாயை

காலை 10 மணிக்கு ஏசி தட்கல், 11 மணிக்கு ஏசி அல்லாத தட்கல். சூளூர்பேட்டையிலும் சரி, சென்னையிலும் சரி, அந்த நிமிடத்தில் பட்டனைத் தட்டாத விரல் குறைவு. 2014இல் ரயில்வேயின் புதிய இ-டிக்கெட் அமைப்பு வந்தபோது நிமிடத்துக்கு 7,200 டிக்கெட் தரும் என்றார்கள். 2025 மே 22 அன்று காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவானது. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் உள்ளே நுழைய வரும் முயற்சிகளில் பாதி வரைக்கும் மனிதர்களே இல்லை, தானியங்கி நிரல்கள்தான் என்றும் ரயில்வே சொன்னது. திருப்பதியிலும் இதே கதைதான். 300 ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட்டுகள் மாதாமாதம் மொத்தமாக ஆன்லைனில் திறக்கப்படும்போது, நாடு முழுவதிலிருந்தும் பக்தர்கள் ஒரே கதவைத் தட்டுகிறார்கள்.

இப்படிப்பட்ட வேலைக்கு ஹைப்பர்த்ரெடிங் பொருத்தமானது என்பதில் சந்தேகமில்லை. ஆயிரமாயிரம் சிறு கோரிக்கைகள். ஒவ்வொன்றும் டேட்டாபேஸுக்காக, நினைவகத்துக்காகக் காத்திருக்கும். ஒருவர் காத்திருக்கும்போது இன்னொருவர் வேலை முடியும்.

சிக்கல் கண்காணிப்புத் திரையில் இருக்கிறது. 16 கோர் கொண்ட சர்வர் 32 புராசஸராகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபரேட்டிங் சிஸ்டம் புத்திசாலி. முதலில் கோருக்கு ஒரு வேலை என்றுதான் பரப்பும். 16 வேலை வந்ததும் எல்லாக் கோரும் நிறைந்துவிட்டது. திரையோ ‘50 சதவீதம் பயன்பாடு’ என்று காட்டும். பார்க்கும் நிர்வாகி இன்னொரு மடங்கு கூட்டம் வந்தாலும் தாங்கும் என்று நிம்மதியாக இருப்பார்.

தாங்காது. இரண்டாவது த்ரெட்டுகள் தரும் கூடுதல் பலன் 30 சதவீதம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், சர்வரின் முழுத் திறன் 130. அதில் 100 ஏற்கெனவே செலவாகிவிட்டது. உண்மையான பயன்பாடு 77 சதவீதம். 50இலிருந்து 100க்குப் போகும் தூரம் திரையில் நீளமாகவும் நிஜத்தில் குட்டையாகவும் இருக்கும். கூட்டம் கொஞ்சம் ஏறியதும் ஒவ்வொரு கோரிக்கையும் மெதுவாகும். மெதுவானதைப் பார்த்து மக்கள் மறுபடி மறுபடி பட்டனை அழுத்துவார்கள். அதனால் கூட்டம் இன்னும் ஏறும். வாடிக்கையாளர் பார்ப்பது சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்.

அனுபவமுள்ள சர்வர் நிர்வாகிகள் இந்தச் சதவீதத்தை நம்புவதில்லை. ஒரு கோரிக்கை முடிய எத்தனை மில்லி நொடி ஆகிறது, வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்றுதான் பார்க்கிறார்கள். விசேஷ நாளுக்கு முன்பே பொய்க் கூட்டத்தை அனுப்பிச் சோதிப்பதும் இதற்காகத்தான்.

பில்லில் எட்டு, பெட்டியில் நாலு

சொந்த சர்வர் வைத்திருப்பவர் குறைந்து, வாடகைக்கு எடுப்பவர் பெருகிவிட்ட காலம். கிளவுட் நிறுவனங்கள் வாடகைக்கு விடும் அலகின் பெயர் விசிபியு. இன்டெல், ஏஎம்டி சில்லுகள் கொண்ட பெரும்பாலான வாடகை சர்வர்களில் ஒரு விசிபியு என்பது ஒரு த்ரெட். அதாவது கோரின் ஒரு பாதி. எட்டு விசிபியு எடுத்தால் கிடைப்பது நாலு கோர். இது ஒளிவுமறைவு இல்லை, ஆவணத்தில் எழுதியே இருக்கிறது. ஆனால் விலைப்பட்டியலைப் பார்த்து ஆர்டர் போடும் எத்தனை பேர் அந்தப் பக்கம் வரை போகிறார்கள்?

அமேசான் தானே வடிவமைத்து 2018இல் அறிமுகப்படுத்திய கிராவிடான் சில்லுகளில் கணக்கே வேறு. அவற்றில் இரட்டைத் த்ரெட் கிடையாது. ஒரு விசிபியு என்றால் ஒரு முழுக் கோர். ஆக, ஒரே நிறுவனத்தின் ஒரே பட்டியலில், ஒரே ‘8’ என்ற எண்ணுக்கு இரண்டு பொருள். இரண்டு விலைகளை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுப்பவர் அரைக் கோரையும் முழுக் கோரையும் ஒப்பிடுகிறார்.

சாஃப்ட்வேர் லைசென்ஸில் கூத்து இன்னும் பழையது. விண்டோஸ் 2000க்குப் பொய்ப் புராசஸருக்கும் மெய்ப் புராசஸருக்கும் வித்தியாசம் தெரியாது. இத்தனை புராசஸர் வரைதான் என்று லைசென்ஸ் இருந்தால், இல்லாத புராசஸரையும் எண்ணிக் கோட்டாவை முடித்துவிடும். அடுத்து வந்த விண்டோஸ் எக்ஸ்பியும் சர்வர் 2003உம்தான் மெய்யானதை மட்டும் எண்ணக் கற்றுக்கொண்டன.

டேட்டாபேஸ் விற்கும் ஆரக்கிள், கிளவுடுகளுக்காக வகுத்த விதி கேட்க வேடிக்கையாக இருக்கும். அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்ற அங்கீகரித்த கிளவுடுகளில் மல்டித்ரெடிங் ஓடினால் இரண்டு விசிபியுவுக்கு ஒரு புராசஸர் லைசென்ஸ். ஓடாவிட்டால் ஒரு விசிபியுவுக்கே ஒன்று. எட்டு விசிபியு சர்வருக்கு ஒரு வழியில் நாலு லைசென்ஸ், இன்னொரு வழியில் எட்டு. டேட்டாபேஸ் லைசென்ஸ் பல நேரம் சர்வரைவிட விலை அதிகம். சில்லு வடிவமைப்பில் ஒரு சின்ன வித்தியாசம், கணக்குப் பிரிவில் லட்சங்களாக விடிகிறது.

----------
பெட்டிச் செய்தி: உங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை?

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைத் தேர்ந்தெடுங்கள். ‘கோர்ஸ்’, ‘லாஜிக்கல் புராசஸர்ஸ்’ என்று இரண்டு எண் தெரியும். இரண்டாவது, முதலாவதன் இரு மடங்காக இருந்தால் எல்லாக் கோரிலும் இரட்டைத் த்ரெட் ஓடுகிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் இல்லை, அல்லது அணைக்கப்பட்டிருக்கிறது. சில புதிய லேப்டாப்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு எண் வரும். அவற்றில் பெரிய கோர்களுக்கு மட்டும் இரண்டு த்ரெட். சிறிய கோர்களுக்கு ஒன்று.

‘கோர்’ என்று எதைச் சொல்லலாம் என்பதே நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இரண்டிரண்டு கோர்கள் ஒரே கணித உறுப்பைப் பகிர்ந்துகொண்ட ‘எட்டு கோர்’ சில்லுகளுக்காக ஏஎம்டி மீது 2015இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2019இல் 1 கோடியே 21 லட்சம் டாலருக்குச் சமரசமானது.
----------

சாவி கசிந்த கதை

ஒரே கோரின் இரண்டு த்ரெட்டில் இரண்டு வேறு வேறு வாடிக்கையாளரின் நிரல் ஓடினால்? இருவருக்கும் கேஷ் பொது. ஒருவர் எதைத் தொட்டார் என்பதை, தனக்கு ஏற்படும் தாமதத்தை வைத்தே இன்னொருவர் ஊகிக்கலாம்.

கோலின் பெர்சிவல் என்ற ஆய்வாளர் 2005 மே மாதம் இதைச் செய்து காட்டினார். பென்டியம் 4இன் ஒரு த்ரெட்டில் ரகசியக் குறியாக்கம் நடக்கும்போது, மற்றொரு த்ரெட்டிலிருந்து கேஷின் வேகத்தை மட்டும் அளந்து ரகசியச் சாவியின் பெரும்பகுதியைப் பிடித்தார். அப்போது அதைப் பெரும்பாலோர் ஆய்வகத்து விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். கிளவுட் பரவியதும் பயம் பிடித்தது. 2018 ஜூனில் ஓபன்பிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டம், இன்டெல் சில்லுகளில் ஹைப்பர்த்ரெடிங்கைத் தானாகவே அணைத்துவிடும் என்று அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ஃபோர்ஷேடோ’, 2019 மேயில் ‘ஸாம்பிலோட்’ வகைக் குறைபாடுகள் வெளியாயின. கூகுள் தன் குரோம் ஓஎஸ் 74ஆம் பதிப்பில் ஹைப்பர்த்ரெடிங்கை இயல்பாகவே அணைத்து வைத்தது. பாதுகாப்பு வேண்டுமென்றால் வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்பதுதான் அதற்குப் பொருள்.

பெரிய கிளவுட் நிறுவனங்களால் அப்படி அணைத்துவிட முடியாது. அவற்றின் வருமானமே த்ரெட்டில் இருக்கிறது. ஆகவே ஒரு கோரின் இரண்டு பாதியையும் ஒரே வாடிக்கையாளருக்கே கொடுப்பது என்ற வழிக்குப் பல நிறுவனங்கள் வந்தன. 2021 ஆகஸ்டில் வெளியான லினக்ஸ் 5.14இல் ‘கோர் ஷெட்யூலிங்’ சேர்ந்தது. ஒருவரையொருவர் நம்பாத நிரல்களை ஒரே கோரில் உட்கார வைக்காமல் அது பார்த்துக்கொள்ளும்.

ராக்கெட்டுக்கு ஏன் ஆகாது?

ராக்கெட் கம்ப்யூட்டருக்கு வேகத்தைவிட முக்கியம், நேரம் தவறாமை. சென்சாரின் அளவைப் படி, பாதை விலகலைக் கணக்கிடு, எஞ்சினின் திசையைத் திருப்பு. இந்தச் சுழற்சி ஒவ்வொரு முறையும் குறித்த காலத்துக்குள் முடிந்தாக வேண்டும். சராசரியாக 5 மில்லி நொடி, எப்போதாவது 50 என்றால் அந்த ‘எப்போதாவது’ போதும், ஒரு ராக்கெட்டைக் கடலில் சேர்க்க. ஹைப்பர்த்ரெடிங்கோ சராசரி வேகத்தை உயர்த்தும் உத்தி. பக்கத்துத் த்ரெட் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்து உங்கள் நிரலின் நேரம் ஏறும், இறங்கும். மிக மோசமான நேரம் எவ்வளவு என்று அடித்துச் சொல்ல முடியாது.

2009 முதல் இஸ்ரோ ராக்கெட்டுகளில் பறந்தது 16 பிட் ‘விக்ரம் 1601’. அதன் வாரிசான விக்ரம் 3201, மைனஸ் 55 முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். தயாராவது 180 நானோமீட்டர் நுட்பத்தில். இன்றைய செல்போன் சில்லோடு ஒப்பிட்டால் பாட்டன் காலத்து நுட்பம்தான். ஆனால் வெப்பத்தையும் குளிரையும் அதிர்வையும் தாங்கி, சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்யும் சில்லுக்கு அது போதும். 2025 மார்ச் 5 அன்று டெல்லியில் இதன் முதல் தொகுதி இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னை ஐஐடியும் தன் ‘சக்தி’ புராசஸரை அடிப்படையாகக் கொண்டு, விண்வெளிக்கான ‘ஐரிஸ்’ என்ற சில்லை இஸ்ரோவோடு சேர்ந்து உருவாக்கி, 2025 பிப்ரவரியில் ஓட்டிக் காட்டியது. அதன் போர்டுக்குப் பாகங்கள் பொருத்தப்பட்டதும் சென்னையில்தான்.

ராக்கெட்டைப் பறக்கவிடும் முன், அதைச் சுற்றிக் காற்று எப்படிப் பாயும் என்று கணக்கிடும் சூப்பர் கம்ப்யூட்டர்களின் நிலை இன்னொரு மாதிரி. 2011 மே மாதம் திருவனந்தபுரத்தில் இஸ்ரோ தொடங்கிய சாகா-220இல் 400 நான்கு-கோர் ஸியான்களும் 400 என்விடியா ஜிபியுக்களும் இருந்தன. செலவு சுமார் 14 கோடி ரூபாய். அன்றைக்கு நாட்டிலேயே அதிவேகக் கம்ப்யூட்டர் அது. திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட 838 டெராஃப்ளாப்ஸ் ‘பரம் பொருள்’ சூப்பர் கம்ப்யூட்டரும் இதே வகை. இந்த வகைக் கணக்குகளை நன்றாக எழுதியிருந்தால் கோரின் கணித உறுப்புக்கு ஓய்வே கிடைக்காது. நிரப்ப இடைவெளி இல்லாத இடத்தில் இரண்டாம் த்ரெட் போய் என்ன செய்யும்? கேஷில் பங்கு கேட்டு முதலாமவரின் வேகத்தையும் கெடுக்கும். அதனால் விஞ்ஞானக் கணிப்பு மையங்கள் பலவற்றில் ஹைப்பர்த்ரெடிங்கை அணைத்து வைப்பது வழக்கம்.

போனது, திரும்புகிறது

இன்டெல் இந்த உத்தியை முன்பும் ஒரு முறை கைவிட்டிருக்கிறது. 2006இல் வந்த கோர் 2 சில்லுகளில் இல்லை. 2008 நவம்பரில் வந்த நெஹலம் குடும்பத்தில் மறுபடி வந்தது. 2024இல் லேப்டாப்புக்கான லூனார் லேக், டெஸ்க்டாப்புக்கான ஏரோ லேக் இரண்டிலும் மறுபடி காணோம். சின்னச் சின்னத் தனிக் கோர்களை நிறையச் சேர்த்துவிட்டால், இரண்டாம் த்ரெட்டுக்காக இடமும் மின்சாரமும் செலவழிக்கத் தேவையில்லை என்பது அதன் வாதம். லேப்டாப்பில் அது எடுபட்டது. பேட்டரிக்கும் நல்லது.

சர்வரில் எடுபடவில்லை என்றே சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் ஏஎம்டி வெளியிட்ட எபிக் சில்லுகளில் பெரியது 192 கோர். த்ரெட் கணக்கில் 384. அதே ஆண்டில் வந்த இன்டெல்லின் ஸியான் 6 சில்லுகளில், 128 பெரிய கோர் கொண்டது 256 ஆகத் தெரியும். 144 சிறு கோர் கொண்டது 144 ஆகவே தெரியும். 2025 ஜூலையில் இன்டெல்லின் தலைமைச் செயல் அதிகாரி லிப்-பூ டான், சர்வர் சில்லுகளில் இந்த உத்தியை விட்டு விலகியது போட்டியில் தங்களைப் பின்தள்ளியது என்று ஒப்புக்கொண்டு, அதைத் திரும்பக் கொண்டுவரப் போவதாக அறிவித்தார்.

ஆக, விசிபியு என்ற அரைக் கோர் இன்னும் பல ஆண்டுக்கு நம்மோடு இருக்கப் போகிறது. அது வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. சொந்த சர்வரில் பயாஸுக்குள் போய் அணைத்துவிட்டு மறுபடி இயக்கினால் போதும். அமேசான் கிளவுடிலும் சர்வரைத் தொடங்கும்போதே கோருக்கு ஒரு த்ரெட் என்று தேர்ந்தெடுக்கலாம். எட்டு விசிபியு உடனே நாலாகிவிடும். சர்வர் வாடகை மட்டும் எட்டுக்கு உரியதாகவே வரும்.